ஏழு மாதத்தில் மாறியது ஆளா, இடமா?

நாகர்கோவிலில் ஒரு சிறுகடன் நிறுவனத்தில் ஃபீல்ட் ஆபீசராகச் சேர்ந்து 7 மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கிய பெண்கள் கூட வேண்டிய சென்டர் மீட்டிங் நடக்காதபோதும் நடந்ததாக எழுதுகிறீர்கள், வராத பெண்களின் கையெழுத்தை நீங்களே போடுகிறீர்கள், முதல் மாதம் தூக்கம் வரவில்லை, இப்போது பழகிவிட்டது. நான் கெட்டவனாகிவிட்டேனா, இல்லை இடம்தான் அப்படியா என்பது உங்கள் கேள்வி. இது மாமா சிபாரிசில் கிடைத்த வேலை என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்குத் திரும்பி வருகிறேன், நம் மாவட்டத்தில் பல பேருடைய வாயைக் கட்டிப்போடுவது அதுதான்.

தம்பி, நான் 24 வருடம் உள் தணிக்கை வேலை பார்த்தவன். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை, ரப்பர் வியாபாரம், நிதி நிறுவனம், ஒரு மருத்துவமனை என்று களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். தப்பு செய்தவர்கள் என்று நான் எழுதிக் கொடுத்த பெயர்களில் பிறவித் திருடன் என்று சொல்லத்தக்கவர்கள் ரொம்பக் குறைவு. மற்றவர்கள் எல்லாம் வேலைக்குச் சேர்ந்த அன்று உங்களை மாதிரி இருந்தவர்கள்தான். அதனால் என் பதில், இடத்தின் பங்கு நாம் நினைப்பதைவிட ரொம்பப் பெரியது. அதற்காக உங்கள் பங்கு இல்லாமல் போய்விடாது, அதையும் சொல்கிறேன்.

இடம் எவ்வளவு செய்யும் என்று எனக்குப் புரிய வைத்த ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஊர்க் கோவில் கமிட்டியில் பல வருடம் பொருளாளர். கொடை விழா முடிந்த மறுவாரம் ஊர்க்கூட்டத்தில் நின்று கணக்கு வாசிப்பார். தலைக்கட்டு வரி இவ்வளவு, பந்தல் இவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, தோவாளையில் வாங்கிய பூ இவ்வளவு, மிச்சமான அரிசிச் சாக்கு விற்ற காசு கூடத் தனி வரியாக வரும். ஒரு வருடம் 40 ரூபாய் இடித்தது என்று தன் பையிலிருந்து எடுத்து வைத்தார், நான் பார்த்தேன். அதே மனிதர் தன் அலுவலகத்தில் மாதக் கடைசியில் எழுதாத பெட்ரோல் வவுச்சர் ஒரு கட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். தொகையை மேனேஜர் அப்புறம் எழுதிக்கொள்வார். ஆள் ஒருவர், பேனா கூட ஒன்று. நம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளிலும் பங்குகளிலும் கணக்கு வைப்பவர்களிடமும் இதையே கண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர், திங்கட்கிழமை வேறு மனிதர்.

ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கோவிலில் கணக்கு வாசிக்கும்போது காசு கொடுத்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கிழவி எழுந்து, "பூவுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்று கேட்கலாம், யாரும் அவளை உட்காரச் சொல்ல மாட்டார்கள், பொருளாளரும் கோபிக்காமல் சீட்டை எடுத்துக் காட்டுவார். அலுவலகத்தில் அந்த வவுச்சரைப் பார்த்துக் கேள்வி கேட்க யாரும் இல்லை. கேட்டவருக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் நேர்மையை இழந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவரிடம் இருந்தது, அலுவலகத்தில் அதை வைக்க இடம் இல்லை.

இதைப் படித்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2010இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், அதற்கு முந்தைய 30 வருடத்தில் வேலையிடத்துத் தவறுகள் பற்றி நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆளின் குணம், அந்த நேரத்துச் சிக்கலின் தன்மை, வேலையிடத்தின் சூழல் மூன்றுக்குமே பங்கு உண்டு என்று தெரிந்தது. அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. மற்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகு, ஒழுக்க விதிப் புத்தகம் ஒன்று இருப்பதால் மட்டும் தனியாக எந்த விளைவும் தென்படவில்லை. அந்த விதியை நடைமுறையில் கடைப்பிடித்த இடங்களில் தென்பட்டது. என்ரான் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் 64 பக்க ஒழுக்கக் கையேடு அச்சிட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தது, 2001 டிசம்பரில் திவாலானது. நம் நாட்டில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம், 2008இல் நல்ல நிர்வாகத்துக்கு விருது வாங்கியது, 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவரே கணக்குப் பொய் என்று கடிதம் எழுதினார். உங்கள் அலுவலகச் சுவரிலும் 'நம்பிக்கை, வெளிப்படைத்தன்மை' என்று சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள், அதை விடுங்கள்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு அண்டி ஆபீஸ் கதை சொல்கிறேன். கருங்கல் ஊர்ப் பக்கம், ஆலையின் பெயர் வேண்டாம். முந்திரி தல்லும் பிரிவில் பெண்கள் உட்கார்ந்து வறுத்த அண்டியைத் தட்டி உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். தோட்டெண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து இருக்கும், சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை பார்ப்பார்கள். கூலி, எடுக்கிற பருப்பின் எடைக்கு. சாயங்காலம் ஆளாளுக்குத் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தராசின் முகம் சூப்பர்வைசர் பக்கம் இருக்கும். 8 கிலோ 850 கிராம் காட்டும், அவர் "எட்டரை" என்று கூப்பிடுவார், பக்கத்துப் பையன் எட்டரை என்று எழுதுவான். 8 கிலோ 400 என்றால் "எட்டு". ஒரு நாளும் மேலே போகாது, எப்போதும் கீழேதான். அந்தப் பெண்களுக்கு இது தெரியாதா? டின்னைத் தூக்கும் கைக்கு எடை தெரியும்.

என்னை அங்கே கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. மூட்டைக் கணக்குக்கு வர வேண்டிய பருப்பு வரவில்லை, பெண்கள் திருடுகிறார்கள், கண்டுபிடியுங்கள் என்றார்கள். திருட்டு இருந்தது உண்மைதான். மடியில், ரவிக்கைக்குள், சோற்றுப் பாத்திரத்தின் அடியில் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதனை போட்டிருந்தார்கள். சோதனை வந்த பிறகு திருட்டு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு வயதான அக்கா, முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தவர், என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார், ஆளத் தடவிப் பாத்து கள்ளின்னு முடிவு பண்ணியாச்சு. அப்புறம் எடுக்காம போனா மட்டும் நல்லவன்னு எழுதிவைக்கவா போறாவ?"

நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை அன்றைய மேனேஜர் எடுத்து வைத்துவிட்டார், அவ்வளவுதான். அடுத்த வருடம் வேறு ஒரு மேனேஜர் வந்தார், பெரிய படிப்பெல்லாம் இல்லை, கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். அவர் செய்தது, தராசைத் திருப்பி வைத்தது. பெண்கள் பக்கம் முகம். கிராம் வரைக்கும் எழுதச் சொன்னார், ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்து அவர்கள் எடையை அவர்களே குறித்துக்கொள்ளச் சொன்னார், சனிக்கிழமை இரண்டு புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். மூன்றாவது வாரம் வாசல் சோதனையை நிறுத்தினார். முதலாளி பயந்தார், எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. அந்த வருடக் கணக்கில் பருப்புக் குறைவு பேச்சே எழவில்லை. அதே அக்காவிடம் கேட்டேன். "அவிய எடுத்தாவ, நாங்களும் எடுத்தோம். இப்ப அவிய எடுக்கல்லல்லா" என்றார்.

ஒரே ஊர், ஒரே பெண்கள், ஒரே கூலி விகிதம். மாறியது தராசின் முகம். அதற்கப்புறம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது இங்கே தராசு எது, அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான்.

உங்கள் இடத்தில் தராசு டார்கெட். மாதத்துக்கு இத்தனை புதுக் கடன், இத்தனை சதவீத வசூல், எல்லாச் சென்டரிலும் முழு வருகை, இது வராவிட்டால் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள், சரிதானே? அப்போது மேனேஜர் உங்களிடம் பொய் எழுதச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நேர்மையாக எட்ட முடியாத எண்ணைக் கொடுத்து, எப்படி எட்டினாய் என்று கேட்காமல் இருந்தால் போதும். அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது முழுக்க இதுதான். ஒரு வாடிக்கையாளருக்கு 8 சேவைகளை விற்க வேண்டும் என்பது மேலிருந்து வந்த முழக்கம். கிளைகளில் இருந்தவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்கும் கார்டும் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தபோது சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள், பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இருந்தவர்கள். அனுமதியில்லாமல் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று அடுத்த வருடம் கணக்கு வந்தது, 2020இல் வழக்குகளை முடிக்க இன்னும் 300 கோடி டாலர் கட்டினார்கள். 5,300 பேரும் ஒரே நேரத்தில் கெட்டவர்களாகப் பிறந்து ஒரே வங்கியில் வந்து சேர்ந்திருக்க முடியாது. அதே சமயம், வேலை போனது அவர்களுக்குத்தான். முழக்கம் எழுதியவர்களைக் கேள்வி கேட்க வருடங்கள் ஆனது. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த இரண்டாவது பாதி.

வராத ஒருத்தியின் கையெழுத்துதானே, தவணை ஒழுங்காக வருகிறது, யாருக்கு நஷ்டம் என்று உங்கள் கிளையில் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குலசேகரம் பக்கத்துப் பெண், ரப்பர் பால் வெட்டப் போகிறவர். மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனார். அங்கே கணினியைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே இரண்டு கடன் இருக்கிறது, ஒன்றில் தவணை தவறியிருக்கிறது என்றார்கள். அவர் வாங்கியது ஒன்று. இரண்டாவது, அவர் கூட்டத்துக்கு வந்ததாகவும் ஒப்புக்கொண்டதாகவும் எழுதி, அவர் பெயரில் எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்தது. முதலில் சும்மா வருகைக்காகப் போட்ட கையெழுத்துதான், கை பழகின பிறகு கடன் தாளுக்கும் போனது. அந்த அம்மா காலையில் பால் எடுத்த கையோடு, ஒட்டுப்பால் மணம் புடவையில் இருக்க, பாஸ்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிளை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "நான் வரல்லையே சார், நான் அண்ணைக்கு வரவே இல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் போட்ட பையன் உள்ளேதான் இருந்தான், உங்கள் வயதுதான் இருக்கும், தலையைத் தூக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குத்தான் இந்தப் பிணையில்லாத சிறுகடன், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அந்த வருமானத்தைக் கேட்டு எழுதுகிற ஆள் யார்? நீங்கள். நீங்கள் எழுதுகிற அந்த ஒரு எண்ணில்தான் அந்தக் குடும்பத்துக்கான பாதுகாப்பு முழுவதும் நிற்கிறது. டார்கெட்டுக்கு ஏற்றபடி வருமானத்தைக் கூட்டி எழுதினால், விதி புத்தகத்தில் இருக்கும், அந்த வீட்டுக்கு இருக்காது.

இப்போது 'பழகிவிட்டது' என்பதற்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்ட சொல். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து 7 பேர் இறந்ததைப் பல வருடம் ஆராய்ந்தார் டயான் வான் என்ற சமூகவியலாளர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. முதல் தடவை பொறியாளர்கள் பயந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, அடுத்த தடவை கொஞ்சம் கூடுதல், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் அது வழக்கமான ஒன்றாகவே ஆகிவிட்டது. விதியை மீறுகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை என்பதுதான் அவர் கண்டது. சத்யம் கடிதத்திலும் இதே பாதைதான், உண்மை லாபத்துக்கும் எழுதிய லாபத்துக்கும் முதலில் சின்ன இடைவெளி, வருடா வருடம் அது பெருத்தது.

நம் அலுவலகங்களில் இந்தப் பழக்கம் வார்த்தை வழியாக நுழைகிறது, இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். யாரும் 'பொய்க் கையெழுத்து' என்று சொல்ல மாட்டார்கள். 'அட்ஜஸ்ட் பண்ணிடு', 'ஃபார்மாலிட்டி', 'ரவுண்ட் பண்ணு', 'ஃபைல் கம்ப்ளீட் பண்ணு'. ரப்பர் பால் எடுக்கும் இடங்களில் பாலில் தண்ணீர் சேர்ப்பதை 'கொஞ்சம் இளக்குறது' என்பார்கள். பாலின் திடத்தைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை உள்ளே விட்டு அளவு பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்தால், அவர் தன் பங்குக்கு அளவைக் குறைத்து எழுதுவதற்கு 'கழிவு' என்று பெயர். இரண்டு பக்கமும் தப்பு, இரண்டுக்கும் நல்ல பெயர். உங்கள் கிளையில் என்ன சொல் ஓடுகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு உள்ளபடி சொல்லிப் பாருங்கள். "நான் இன்று நான்கு பெண்களின் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டேன்." முதல் மாதம் உங்களைத் தூங்கவிடாத வாக்கியம் இதுதான். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது, மேலே வேறு சொல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று இங்கே உடனே ஒருவர் சொல்வார். எங்கள் மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுக்கிறவர்கள் நிறைய, அதனால் இந்தப் பழமொழிக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் மாசி பங்குனியில் தோட்டங்களில் பெட்டி திறந்து தேன் எடுப்பார்கள். சின்ன வயதில் நாங்கள் சுற்றி நிற்போம், பெட்டிக்காரர் அடையில் ஒரு துண்டு அறுத்து இலையில் வைத்துக் கொடுப்பார், தானும் கையை நக்குவார். எல்லோரும் பார்க்க நக்குகிற அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கரைப் பாகு கலப்பதுதான் வேறு. இரண்டையும் ஒரே பழமொழியில் போட்டுக் குழப்புவதால்தான் நம்மூரில் பாதித் தப்புகளுக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. எல்லோரும் பார்க்கச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் பார்க்க அவர்கள் கையெழுத்தை உங்களால் போட முடியுமா?

தண்டனை போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஒரு ஆய்வு 2000இல் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சின்ன அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்டவர்கள், காசு கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள். நம்மூர் அலுவலகங்களில் இதைவிடக் கேடான ஒன்று உண்டு, ஆளைப் பார்த்துத் தண்டனை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். முதலாளியின் சொந்தக்காரர் லட்சக்கணக்கில் முன்பணம் எடுத்துத் திருப்பாமல் இருப்பார், அதே வாரம் ஒரு பையனை 300 ரூபாய் பஸ் டிக்கெட்டுக்காக அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரு பாடம் படிக்கிறார்கள், அது முதலாளி நினைத்த பாடம் இல்லை.

பேச விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நர்ஸ் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் எத்தனை இருக்கும், அதனால் இது உங்களுக்கு எளிதில் புரியும். 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், பதிவேட்டில் அங்கேதான் தவறு அதிகமாக இருந்தது. அப்புறம்தான் விளங்கியது, அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். நான் தணிக்கை செய்த மருத்துவமனையில் ஒரு வார்டின் பதிவேட்டில் ஆறு மாதமாக ஒரு தவறு கூட இல்லை, நிர்வாகத்துக்குப் பெருமை. அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. தவறே நடக்காத வார்டு எங்கும் கிடையாது.

சரி, சிபாரிசு. நம் பக்கம் வேலை பத்திரிகை விளம்பரத்தில் கிடைப்பதைவிட மாமா வழியாக, பங்குச்சாமி வழியாக, ஊர்த் தலைவர் வழியாகக் கிடைப்பதுதான் அதிகம். அதில் நன்மையும் உண்டு, தெரிந்தவர் பெயரைக் கெடுக்கக் கூடாது என்று ஒழுங்காக இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் மேலே இருப்பவரே தப்பு செய்யச் சொல்லும்போது அதே கயிறு கழுத்துக்கு வருகிறது. நீங்கள் மறுத்தால் மாமாவின் முகம் போகும், அம்மா கல்யாண வீட்டில் சங்கடப்படுவார், மேனேஜரின் தம்பி உங்கள் தெருவிலேயே இருப்பார். 'ஏன் வாயைத் திறக்கவில்லை' என்று வெளியூர்க்காரர் சுலபமாகக் கேட்டுவிடலாம், நான் கேட்க மாட்டேன். இந்த மாதிரி இடத்தில் மௌனமாக இருப்பது கோழைத்தனம் மட்டும் இல்லை, அதில் பாசமும் நன்றியும் கலந்திருக்கிறது. அதனால்தான் அவிழ்ப்பது கஷ்டம்.

இனி என்ன செய்யலாம். முதலில் இன்றோடு அடுத்தவர் கையெழுத்தைப் போடுவதை நிறுத்துங்கள். பழையதைச் சரிசெய்வது, மேலே புகார் கொடுப்பது எல்லாம் அப்புறம். வராத பெண்ணின் கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதுங்கள், வருமானத்தைச் சொன்னபடி எழுதுங்கள். மேனேஜர் கேட்டால் சண்டை போட வேண்டாம், "சார், நான் எழுதினா என் பேர்ல வரும், நீங்க எழுதித் தந்தா நான் செய்யுறேன்" என்று சொல்லுங்கள். வாயால் சொல்வதை எழுதித் தரச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் பின்வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எழுதித் தந்தாலும் போடாதீர்கள், அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அலுவலக வாட்ஸ்அப்பில் அல்ல, வாடிக்கையாளர்களின் தாளை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம், அது உங்கள் மேலேயே திரும்பும்.

அடுத்து ஒரு துணை தேடுங்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் தொடங்கிய மில்கிராம் சோதனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, இன்னொருவர் வலியில் கத்துவதைக் கேட்டபடியே, மின்னதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நம்பி 40 பேரில் 26 பேர் கடைசி அளவு வரை போனார்கள். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே சோதனையை வேறு விதமாக நடத்தி, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் 'நாங்கள் செய்ய மாட்டோம்' என்று எழுந்தபோது, கடைசி வரை போனவர்கள் 40இல் 4 பேர் மட்டும். இதை யாரும் சொல்வதில்லை. உங்கள் கிளையிலும் தூக்கம் வராத இன்னொருவர் நிச்சயம் இருக்கிறார், பெரும்பாலும் உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவராக இருப்பார். டீக்கடையில் நீங்கள் முதலில் பேசுங்கள்.

மேலே சொல்ல வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 177ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களிலும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குபவற்றிலும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவற்றிலும் ஊழியர் பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனம் இதில் வரக்கூடும். ஆனால் அந்த வழியில் போவதற்கு முன், இதுவரை அப்படிப் போனவருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். வெல்ஸ் ஃபார்கோவில் ஒழுக்கப் புகார் எண்ணுக்குப் பேசிய பிறகு வேலை இழந்ததாகப் பல ஊழியர்கள் சொன்னார்கள். புகார் பெட்டி இருக்கிறதா என்பதைவிட, அதைத் திறந்தவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கிளை மேனேஜரோடு நின்றுபோகிற தப்பு என்றால் போராடிப் பார்க்கலாம், நல்ல ஏரியா மேனேஜர் ஒருவர் வந்து கிளை முழுக்க மாறியதைக் கண்டிருக்கிறேன். மேலிருந்து கீழ் வரை அதே தராசுதான் என்றால் வெளியேறுங்கள். இன்னும் மூன்று மாதம், போனஸ் வரட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் நான் பெயர் எழுதிக் கொடுத்தவர்களில் அதிகம். உங்களுக்கு 7 மாதம்தான் ஆகிறது, கை இன்னும் உங்கள் கைதான். இதுவரை போட்டதற்கு உங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது, இடம் கெட்டது என்பதால் அது கழுவப்படாது. அதில் ஏதாவது ஒன்று கடன் தாளுக்குப் போயிருந்தால், ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு எழுத்தில் மேலே தெரிவியுங்கள், அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும்.

மாமாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், மேனேஜர் சொல்வதற்கு முன்னால். போனில் வேண்டாம், நேரில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் ஆள் கூட்டம் இல்லாத நேரமாகப் பாருங்கள். வேலை பிடிக்கவில்லை, அலைச்சல் அதிகம் என்று சுற்றிவளைக்காமல், "மாமா, வராத ஆளுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கு" என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கோபப்படலாம். ஆனால் உங்களைச் சிபாரிசு செய்தபோது அவர் பணயம் வைத்தது தன் பெயரைத்தானே, அந்தப் பெயரை வைத்து என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?